பத்து விநாடியின் விலை

தமிழில் வர்த்தக வானொலி கொழும்பில்தான் பிறந்தது. 1950இல் இலங்கை வானொலி தன் வர்த்தக சேவையைத் தொடங்கியபோது இந்தியாவில் வானொலி முழுக்க முழுக்க அரசாங்கத்தின் கையில் இருந்தது. அதில் ஒரு சோப்பின் பெயரைச் சொல்லக்கூட வழியில்லை. இலங்கைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவில் இருந்த நேசநாட்டுப் படைகளுக்காகக் கொழும்புக்கு அருகே நிறுவப்பட்ட சக்திமிக்க சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்த சில ஆண்டுகளில் இலங்கை அரசிடம் வந்துவிட்டது. கொழும்புத் திட்டத்தின்படி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட், அதைக் கொண்டு வியாபாரம் செய்ய முடியும் என்று நடத்திக் காட்டினார். தீவுக்குள் கேட்டால் போதும் என்றிருந்த நிலையம் துணைக்கண்டம் முழுவதும் கேட்டது. இந்தியாவில் பொருள் விற்ற நிறுவனங்கள் கடல் கடந்து போய்க் கொழும்பில் நேரம் வாங்கின.

இந்திய அரசு எடுத்த ஒரு முடிவும் கொழும்புக்கு ஆள் சேர்த்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் அநேகமாக ஒழிந்துபோனது. பாட்டு வேண்டியவர்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குப் போனார்கள். அதே ஆண்டின் இறுதியில் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’, ஒரு பற்பசையின் பெயரைத் தாங்கிக்கொண்டு வடநாட்டையே வாரம் ஒரு நாள் வானொலிமுன் உட்கார வைத்தது. அமீன் சயானி அதைப் பம்பாயில் பதிவு செய்வார். ஒலிநாடா விமானத்தில் கொழும்பு போகும். அங்கிருந்து ஒலிபரப்பாகித் திரும்பவும் இந்தியாவுக்கே வந்து சேரும்.

தமிழ்ப் பகுதியில் எஸ்.பி. மயில்வாகனம் முதல் தலைமுறை. அவருக்குப் பின் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று ஒரு வரிசை. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து ஊர்களுக்குச் சென்னையைவிடக் கொழும்பு கிட்டத்தில் இருந்தது. ஒலியும் அதற்கேற்பத் தெளிவாக வந்தது. அந்த ஊர்களில் வளர்ந்து இன்று அறுபதைத் தாண்டியவர்கள் ‘பொங்கும் பூம்புனல்’, ‘இசையும் கதையும்’, ‘இரவின் மடியில்’ என்று நிகழ்ச்சிகளின் பெயரை வரிசையாகச் சொல்வார்கள். பெயரோடு வேளையும் கூடவே வரும்: இது பள்ளிக்கூடம் கிளம்பும்போது, இது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இது திண்ணையில் பாய் விரித்தபின். பிறந்தநாள் வாழ்த்தில் அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா என்று அடுக்கி வாசிப்பதைக் கேட்டு, தாத்தா பாட்டி என்று மட்டுமே சொல்லிப் பழகிய தமிழ்நாட்டுப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சைத் தெரிந்துகொண்டார்கள். விளம்பரங்களும் அவர்களுக்கு நினைவிருக்கின்றன. கோபால் பற்பொடி விற்பனையாகும் நாடுகளை வரிசைப்படுத்திச் சொன்ன அறிவிப்பை, ஏற்ற இறக்கம் மாறாமல் ஒப்பிக்கிறவர்கள் இன்றும் உண்டு.

இத்தனை ஆண்டுகள் நினைவில் நின்றதற்கு ஒரு காரணம், விளம்பரம் குறைவாக இருந்தது. இன்னொன்று, அது விற்கப்பட்ட முறை. அரை மணியையோ கால் மணியையோ ஒரே நிறுவனம் மொத்தமாக எடுத்துக்கொள்ளும். நிகழ்ச்சியின் தலைப்புக்கு முன்னால் அதன் பெயர் வரும். தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு, நடுவில் ஒன்றிரண்டு, முடிவில் ஒன்று. நிகழ்ச்சி நன்றாக அமைந்தால்தான் பெயருக்கு மதிப்பு என்பதால், பணம் போட்டவருக்கே அதன் தரத்தில் அக்கறை இருந்தது. புதுப்பட விளம்பரமும் அப்படித்தான். கே.எஸ். ராஜாவின் ‘திரைவிருந்து’ படத்தின் வசனத் துண்டுகளையும் பாட்டுகளையும் அவருடைய மின்னல் வேகப் பேச்சால் கோத்துக் கொடுத்தது. டூரிங் டாக்கீஸுக்குப் படம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் ஊர்களில், படத்தின் பாதியைக் காதாலேயே பார்த்து முடித்துவிட்டு மீதிக்காகக் காத்திருந்தார்கள். அது விளம்பரம் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே, மணி பார்த்து வந்து உட்கார்ந்தார்கள்.

கட்டணம் வாங்கிக்கொண்டு ஒலிபரப்பியவற்றில் மிக ஆழமாகப் பதிந்தது மரண அறிவித்தல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று தொடங்கும். அன்னார் இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, இன்னாரின் மாமனார் என்று நீளும். ஈமக்கிரியை எங்கே, எத்தனை மணிக்கு என்று முடியும். தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில், கொழும்பில் உத்தியோகம் பார்த்தவருக்கு வடக்கே ஊரில் நடந்த சாவு இந்த அறிவிப்பின் வழியாகவே தெரியவந்தது. இரவு ரயிலைப் பிடித்துப் போய்க் கடைசி முகம் பார்க்க முடிந்தது. அறிவித்தல் வாசிக்கும் நேரத்தில் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். விலைக்கு வாங்கிய நேரம்தான் அதுவும். கேட்பவரின் நேரத்தை எடுத்துக்கொண்ட அறிவிப்பு அவருக்கும் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. வானொலி விளம்பரத்தின் பிற்கால வளர்ச்சியை எடைபோட இதைவிட நியாயமான அளவுகோல் கிடையாது.

இந்தியாவில் அப்போது வானொலிக்குப் பணம் கொடுத்தவர் கேட்பவரேதான். பெட்டி வைத்திருக்கும் வீடு ஒவ்வொன்றும் லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும். தபால் ஆபீசில் ஆண்டுக்கு 15 ரூபாய் கட்ட வேண்டும். சிறு புத்தகம் ஒன்றில் அதற்குரிய வில்லையை ஒட்டி முத்திரை குத்தித் தருவார்கள். குடும்ப அட்டை, நிலப் பத்திரம் இவற்றோடு அந்தப் புத்தகமும் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். தவணை தவறினால் அபராதம். சோதனைக்கு ஆள் வருகிறார் என்றால் லைசென்ஸ் புதுப்பிக்காத வீட்டில் ரேடியோ போர்வைக்குள் போய்விடும். 1980களின் நடுவில் இந்த லைசென்ஸ் முறை முற்றாக நீக்கப்பட்டது. மக்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால், இந்த நிகழ்ச்சிக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன் என்று கேட்பவர் உரிமையோடு சொல்ல இருந்த ஒரே ஆதாரமும் அத்துடன் போயிற்று.

கொழும்புக்குப் போன நேயர்களை மீட்கத்தான் 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்டது. பத்தாண்டுகள் அது விளம்பரம் இல்லாமலே நடந்தது. 1967 நவம்பர் 1 முதல் பம்பாய், பூனா, நாகபுரி நிலையங்களில் விளம்பரம் சேர்ந்தது. அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் சென்னைக்கும் திருச்சிக்கும் வந்தது. ‘விவித் பாரதியின் வர்த்தக ஒலிபரப்பு’ என்ற அறிவிப்பு தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பழகியது அப்போதிலிருந்துதான். அரசு வானொலி என்பதால் கட்டுப்பாடுகள் கடுமை. சாராயத்துக்கும் சிகரெட்டுக்கும் இடமில்லை. வாசகம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். பதிவு செய்த ஒலிநாடா உரிய காலத்தில் நிலையத்துக்கு வந்து சேர வேண்டும்.

நாடாவின் காலம் என்பதே விளம்பரத்துக்கு ஓர் அணைபோல் இருந்தது. எந்த இடைவேளையில் எந்த விளம்பரம், எதன் பின் எது என்று தாளில் அட்டவணை போட்டு, அந்த வரிசையில் ஒவ்வொன்றையும் நாடாவில் ஏற்ற வேண்டும். கடைசி நேரத்தில் ஒன்றைச் சேர்ப்பது என்றால் வெட்டி ஒட்டும் வேலை. ஒரு கடைக்காரர் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டுச் சாயங்காலமே தன் விளம்பரத்தைக் கேட்பது அன்றைக்கு நடக்கிற காரியம் இல்லை. கணினி வந்தபின் அது ஓரிரு நிமிட வேலையாகிவிட்டது. விளம்பரம் பெருகியதற்குப் பணத்தேவைதான் முதற்காரணம் என்றாலும், சேர்ப்பது இவ்வளவு சுலபமாகியிராவிட்டால் இந்த அளவுக்குப் பெருகியிருக்காது.

1970களிலும் 80களின் முற்பகுதியிலும் பிள்ளைகளாக இருந்தவர்கள் விவித் பாரதி விளம்பரங்களைப் பாட்டுகளோடு பாட்டாகவே மனப்பாடம் செய்தார்கள். நிர்மா சலவைத்தூளின் மெட்டு, தொலைக்காட்சிக்குப் போகுமுன் வானொலியில்தான் ஊர் ஊராகப் பரவியது. ஹார்லிக்ஸ் நிறுவனம் வழங்கிய ‘சுசித்ராவின் குடும்பம்’ வீட்டோடு உட்கார்ந்து கேட்ட தொடர். அதில் வரும் அம்மாவும் பிள்ளைகளும் தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர்கள்போலப் பேசப்பட்டார்கள். ஹார்லிக்ஸ் வாங்க வசதியில்லாத வீடுகளிலும் அந்தக் கதை தவறாமல் கேட்டது. பொருளை வாங்காதவருக்கும் அந்த விளம்பரதாரர் ஒரு கதையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மொத்தமாக நேரம் எடுப்பது மெல்ல மெல்லக் குறைந்து, துண்டு துண்டாக வாங்குவது வழக்கத்துக்கு வந்தது. ‘ஸ்பாட்’ என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வது அதைத்தான். கணக்கின் அடிப்படை அலகு பத்து விநாடி. சிறு கடைக்காரருக்கும் வானொலியில் பெயர் சொல்ல வசதி செய்துகொடுத்தது இந்த முறை, அது நல்லதே. மதுரைப் பாத்திரக்கடையும் திருச்சி ஜவுளிக்கடையும் பெரிய கம்பெனிகளோடு ஒரே மேடையில் நின்றன. ஆனால் பத்து விநாடி மட்டும் வாங்கியவருக்கு அதற்கு முன்னால் என்ன வருகிறது, பின்னால் என்ன வருகிறது என்பதில் அக்கறை இருக்க நியாயமில்லை. நிகழ்ச்சிக்குப் பொறுப்பேற்ற விளம்பரதாரர் மறைந்தார். நிகழ்ச்சியின் இடுக்குகளை வாங்குகிறவர்கள் வந்தார்கள். விளம்பரக் கூட்டம் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

1980களில் அகில இந்திய வானொலியின் முதன்மை அலைவரிசைகளும் விளம்பரம் ஏற்றன. ஆனால் அதே பத்தாண்டில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்துவிட்டதால் பெரிய பணம் அங்கே போய்விட்டது. வானொலியில் எஞ்சியதில் கிரிக்கெட் வர்ணனை ஒன்றுதான் நல்ல விலை போனது. ஓவருக்கு ஓவர் விளம்பரம் நுழையும். அதற்குள் அடுத்த ஓவரின் முதல் பந்து போடப்பட்டிருக்கும்.

பண்பலை சென்னைக்குப் புதிதல்ல. இந்தியாவிலேயே முதலில் 1977 ஜூலை 23 அன்று பண்பலை ஒலிபரப்பு தொடங்கிய ஊர் சென்னை. தனியார் அதற்குள் வந்தது 1993க்குப் பின்: முதலில் வானொலி நிலையத்தின் பண்பலை நேரத்தைத் தனியார் வாடகைக்கு எடுத்தார்கள். வான் அலைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசின் ஏகபோகத்தை அசைத்த தீர்ப்பு அது. 1999இல் 40 நகரங்களுக்கான 108 அலைவரிசைகளுக்கு ஏலம் அறிவிக்கப்பட்டது. 2001 ஜூலையில் பெங்களூரில் முதல் தனியார் நிலையம் ஒலித்தது. சென்னையில் 2003இல் சூரியனும் மிர்ச்சியும் வந்தன. சில ஆண்டுகளில் ரேடியோ சிட்டி, பிக், ஹலோ, ஆஹா என்று எண்ணிக்கை கூடியது.

முதல் ஏலத்தின் விதிகளைப் பார்த்தால் பின்னால் நடந்தது புரியும். ஏலம் எடுத்த தொகையை உரிமக் கட்டணமாக ஆண்டுதோறும் கட்ட வேண்டும்; அதுவும் ஆண்டுக்கு 15 விழுக்காடு ஏறும். வருமானம் ஏறினாலும் இறங்கினாலும் கட்டணம் நிற்காது. 108இல் இருபதுக்குச் சற்று மேற்பட்ட நிலையங்களே உருப்படியாக ஒலிபரப்பின. 2005இல் வந்த இரண்டாம் கட்டக் கொள்கை இதைத் திருத்தி, ஒருமுறை நுழைவுக் கட்டணமும் மொத்த வருவாயில் 4 விழுக்காடும் என்று ஆக்கியது. சுமை குறைந்தது. ஆனால் வருமானத்துக்கு வழி ஒன்றேதான்: விளம்பரம். கேட்பவரிடம் சந்தா வாங்க முடியாது. சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே மறுஒலிபரப்பலாம் என்பதுகூட 2011 கொள்கையில்தான் வந்தது. செய்தி இல்லாததால் எல்லா நிலையமும் சினிமாப் பாட்டையே போட்டன. எல்லாரும் ஒரே பாட்டைப் போடுவதால் விளம்பரதாரர் முன் ஒருவருக்கொருவர் விலையைக் குறைத்தார்கள். விலை குறைந்தபின் வரவைப் பழைய அளவுக்குக் கொண்டுவர இருக்கும் ஒரே வழி, பத்து விநாடிகளை இன்னும் அதிகமாக விற்பது. வானொலி நடத்துகிறவர்களின் பேராசை என்று இதைச் சுருக்கிச் சொல்வது சரியல்ல. வேறு பையே இல்லாமல் தைத்துக் கொடுக்கப்பட்ட சட்டை இது.

அலுவலக நாளின் காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் சென்னை நிலையம் ஒன்றைக் கேட்டால் இதன் விளைவு தெரியும். ஒரு பாட்டு முடிகிறது. அல்லது முடிவதற்குள் அறுக்கப்படுகிறது. நிலையத்தின் முத்திரை ஒலி. பிறகு பட்டுப் புடவைக் கடை, சேதாரம் இல்லாத தங்கம், புறவழிச்சாலைக்கு அருகே பிளாட், பொறியியல் கல்லூரிச் சேர்க்கை, மூட்டுவலிக்கு மருத்துவமனை, சிமென்ட், சமையல் எண்ணெய், அரசுத் திட்டம் ஒன்று. சில சமயம் தொடங்கிய பட்டுப் புடவையே அதே இடைவேளைக்குள் மறுபடியும் வரும். அடுத்த நிலையத்துக்கு மாற்றினால் அங்கேயும் பிளாட் விற்றுக்கொண்டிருப்பார்கள். இடைவேளைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுவதால் மாற்றுவதில் பயன் இருப்பதில்லை. ஆடி, தீபாவளி, அட்சய திருதியைக்கு முந்தைய வாரங்களில் இடைவேளை இன்னும் நீளும். அப்போது பாட்டுதான் விளம்பரத்துக்கு இடையில் வருவதுபோல் தோன்றும்.

விளம்பரம் பாட்டைவிட உரக்கக் கேட்கிறது என்று பலர் குறைப்பட்டுக்கொள்வதும் வெறும் பிரமை இல்லை. பதிவு செய்யும்போதே மெல்லிய ஒலிகளை உயர்த்தி, உரத்த ஒலிகளோடு ஏறத்தாழ ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஏற்ற இறக்கம் உள்ள ஒரு பழைய மெல்லிசைக்குப் பக்கத்தில் அது வரும்போது, குமிழைத் தொடாமலே சத்தம் கூடிவிட்டதாகக் காதுக்குப் படுகிறது. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசி எச்சரிக்கைக்கு நேர் எதிரான கதி. சந்தை அபாயம் பற்றிய அந்த வாக்கியம் முதலீட்டாளரைக் காப்பாற்றுவதற்காகக் கட்டாயமாக்கப்பட்டது. விநாடிக்கு விலை இருப்பதால் அதை ஒரே மூச்சில் உருட்டிவிடுகிறார்கள். விளம்பரம் முழுவதிலும் கேட்பவருக்குப் பயன்படக்கூடிய ஒரே வாக்கியம், யாருக்கும் புரியாத வேகத்தில் போகிறது.

இடைவேளைக்குள் அடங்கும் விளம்பரத்தையாவது கணக்கு வைக்கலாம். அதற்கு வெளியே கசிந்து வந்தது வேறு வகை. நிகழ்ச்சியை நடத்தும் ஆர்.ஜே. நேயரிடம் பசிக்கிறதா என்று கேட்பார். இரண்டு வாக்கியம் கழித்து ஒரு ஓட்டலின் பெயர் வரும். போக்குவரத்து நிலவரத்தை ஒருவர் வழங்குவார், மணி சொல்வதை இன்னொருவர் வழங்குவார். தொலைபேசியில் பேசிய நேயருக்கு ஒரு கடையின் பரிசுக் கூப்பன். ‘மென்ஷன்’ என்று தொழிலில் சொல்லப்படும் இதற்கும் தனி விலை உண்டு. கொழும்பு அறிவிப்பாளர்களும் விளம்பரங்களைத் தங்கள் குரலில் வாசித்தவர்கள்தாம். ஆனால் எது நிகழ்ச்சி, எது விளம்பரம் என்பதில் கேட்பவருக்குச் சந்தேகம் வந்ததில்லை. இன்றைய ஆர்.ஜே. ஓட்டலைப் புகழும்போது அது அவருடைய நாக்குக்குப் பிடித்ததா, அன்றைய பட்டியலில் எழுதியிருந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. நேயர் நம்பிக் கேட்கும் அந்தக் குரலே விற்பனைக்கு வந்ததுதான், நிமிடங்கள் கூடியதைவிடப் பெரிய கேடு.

பாட்டு இழந்ததையும் சொல்ல வேண்டும். வானொலி நிலையத்தில் பாட்டு போடுவதற்கு ஒரு முறை இருந்தது: படம், பாடியவர்கள், எழுதியவர், இசையமைப்பாளர் என்று பெயர்கள் வரும், பிறகு பாட்டு முழுசாக வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட மருதகாசி எழுதியது எது, கண்ணதாசன் எழுதியது எது என்று சொன்னார்கள் என்றால் அது வானொலி கொடுத்த படிப்பு. இப்போது பெரும்பாலும் பெயர்கள் இல்லை. தொடக்க இசையின்மேல் பேச்சு ஏறுகிறது. இடையிசை சுருங்குகிறது. கடைசிச் சரணம் வருவதற்குள் முத்திரை ஒலி விழுந்துவிடுகிறது. வயலின் கூட்டம் ஒன்று எழுந்து, புல்லாங்குழலிடம் கொடுத்துவிட்டு, அது பாடகியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் அந்த இருபது முப்பது விநாடியை உருவாக்க ஒரு காலத்தில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் இசைக் கலைஞர்கள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தார்கள். விலைப்பட்டியலின் கண்ணுக்கு அது இரண்டு மூன்று ஸ்பாட்டுக்கான இடம்.

பாட்டுக்கான உரிமத்தொகை அதிகம், அதனால் குறைக்கிறோம் என்ற பேச்சு ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. பாட்டு ஒலிக்கும் நேரத்தை மணிக்கணக்கில் அளந்து இசை நிறுவனங்களுக்குக் கட்ட வேண்டியிருந்தது. 2010 ஆகஸ்டில் பதிப்புரிமை வாரியம், நிலையத்தின் நிகர விளம்பர வருவாயில் 2 விழுக்காடு கொடுத்தால் போதும் என்று உத்தரவிட்டது. அந்த ஏற்பாடு 2020 வரை நீடித்தது. அந்தப் பத்தாண்டுகளில் பாட்டை முழுசாகப் போடுவதற்குத் தனியாக ஒரு காசும் கூடுதலாக ஆகியிருக்காது. ஆனாலும் சரணங்கள் திரும்பி வரவில்லை. மிச்சப்பட்ட பணம் பாட்டுக்குப் போகவில்லை என்பதை நேயர்கள் தங்கள் காதாலேயே அறிந்தார்கள்.

வானொலிக்கு வேறு முகமும் உண்டு என்பதைச் சென்னை ஒருமுறை பார்த்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரம் போய், கைபேசிக் கோபுரங்கள் அடங்கிய பகுதிகளில் பேட்டரி ரேடியோ வேலை செய்தது. வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, எந்தத் தெருவில் படகு வேண்டும், எங்கே சாப்பாடு கிடைக்கிறது, எந்த மொட்டைமாடியில் முதியவர் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்த நிலையங்கள் உண்டு. பாட்டும் சிரிப்புமாகப் பழகிய ஆர்.ஜே.க்களின் குரல் தெருப்பெயர்களை நிதானமாக, இரண்டு முறை, மூன்று முறை வாசித்தது. இத்தனை காலம் அடைத்துக் கிடந்த நேரம் எதற்கெல்லாம் பயன்பட முடியும் என்பது அந்த நாள்களில் விளங்கியது. தண்ணீர் வடிந்த சில நாள்களில் பழைய அட்டவணை திரும்பிவிட்டது.

2020இன் ஊரடங்கு தனியார் வானொலியின் விளம்பர வருவாயைப் பாதிக்கும் கீழே தள்ளியது. கடைகள் மூடியிருக்க, ஆடியும் அட்சய திருதியையும் வெறுமையாகப் போயின. கடைகள் திறந்தபின் விளம்பரங்கள் திரும்பின. பழைய விலை திரும்பவில்லை. கைபேசியில் பாட்டுக் கேட்பவர்கள் பெருகியதால் விளம்பரதாரரின் பேரம் பேசும் பலமும் கூடியிருந்தது. அரசு விளம்பரத்துக்கான அடிப்படை விலை 2015 டிசம்பரிலிருந்து 10 விநாடிக்கு 52 ரூபாயிலேயே நின்றது. 2023 அக்டோபரில்தான் அதை 74 ரூபாயாக உயர்த்தினார்கள். நகரத்துக்கும் நேயர் எண்ணிக்கைக்கும் ஏற்ப இது கூடும் என்றாலும், அடிப்படைக் கணக்கில் பார்த்தால் ஒரு முழு நிமிடத்துக்கு 444 ரூபாய். ஒரு நிமிடம் என்பது ஒரு பாட்டின் பல்லவியும் இடையிசையும். இந்த விலைக்கு விற்றுச் சம்பளமும் மின்கட்டணமும் உரிமக் கட்டணமும் கட்ட வேண்டிய நிலையம் நிமிடங்களைக் குவிக்காமல் என்ன செய்யும் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்தான். தொலைக்காட்சிக்கு மணிக்கு 12 நிமிடம் என்று கேபிள் விதிகளில் வரம்பு எழுதியிருக்கிறது. அதுபோன்ற ஒன்றைப் பண்பலைக்கும் எழுதி, எல்லா நிலையங்களையும் ஒருசேரக் கட்டுப்படுத்தினால் பத்து விநாடியின் விலை ஏற வழி உண்டு. ஒரு நிலையம் மட்டும் தானாகக் குறைத்தால் பக்கத்து நிலையத்துக்கு வாடிக்கையாளரை விட்டுக்கொடுத்ததாக முடியும்.

வணிகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமுதாய வானொலியிலும் விளம்பரத்தின் அளவு ஏறியிருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று 90.4இல் ஒலிக்கத் தொடங்கிய அண்ணா எஃப்.எம்., இந்தியாவில் கல்வி நிறுவன வளாகத்திலிருந்து வந்த முதல் சமுதாய வானொலி. சுற்றுப்புறக் குடியிருப்புப் பெண்களே அதற்கு நிகழ்ச்சி தயாரித்தார்கள். பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் ‘கடல் ஓசை’ காற்று, அலை நிலவரம் சொல்கிறது. இத்தகைய நிலையங்களுக்கு 2006ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் மணிக்கு 5 நிமிட விளம்பரத்தை அனுமதித்தன. அது பின்னர் 7 ஆனது. 2024 பிப்ரவரியில், அதே அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த தென்மண்டலச் சமுதாய வானொலி மாநாட்டில், 12 நிமிடமாகவும் 10 விநாடிக்கு 74 ரூபாயாகவும் உயர்த்தியதை மத்திய அமைச்சர் அறிவித்தார். மணிக்கு 12 நிமிடம் என்றால் 72 பத்து விநாடிகள். முழுவதும் விற்றால் 5,328 ரூபாய். உயர்த்தித் தரும்படி கேட்டவர்கள் இந்த நிலையங்களை நடத்துபவர்களேதான். மானியமோ சந்தாவோ நிரந்தரமாக இல்லாத இடத்தில் அவர்களுக்கும் வேறு வழி தெரியவில்லை. அந்த 72இல் பாதியை நிரப்பக்கூட உள்ளூரில் கடைகள் போதாத ஊர்களில்தான் பெரும்பாலான நிலையங்கள் இருக்கின்றன. அங்கே இன்னும் பாட்டு முழுசாக ஒலிக்கிறது.